ஏழாவது மாடியில் இரண்டு பேய்கள்

வாஷிங் மெஷின் வந்த பெட்டியை
ஒன்பது மாதம் பால்கனியில் வைத்திருந்தேன்.
எதற்கென்று கேட்டவர்களிடம்
எதற்காவது ஆகும் என்றேன்.
ஆனது.
உடம்புக்கு அட்டை.
சுற்றிக்கட்ட, ஷட்டில் ஆடப்போய்
கால் பிசகி வந்தவரின் க்ரேப் பேண்டேஜ்.
பல்லுக்குப் பால் பாக்கெட்டின் வெள்ளை ஓரம்.
கண்ணுக்கு ஊறுகாய் பாட்டில் மூடிகள்,
ஒரே அளவில் இரண்டு கிடைக்கவில்லை.

வாசலில் நிறுத்தி, விளக்கை அணைத்து
மகிழனைக் கூப்பிட்டேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"இதுக்கு ஜுரமாம்மா?"

எதிர்வீட்டு சுதேஷ்ணா
எலும்புக்கூட்டை ஃபோனில் வாங்கினாள்.
பதினோரு நிமிடத்தில் வந்தது,
கறிவேப்பிலையும் அரைக்கிலோ வெங்காயமும்
வந்த அதே பையில்.
யாராவது குறுக்கே போனால்
கண் சிவந்து, தாடை ஆட,
வயிறே இல்லாத இடத்திலிருந்து சிரிக்கும்.

ஹாலோவீன் அன்று பிள்ளைகள்
லிஃப்ட்டிலிருந்து இறங்கி அலறினார்கள்.
மறுபடி அலறுவதற்காக
மறுபடி லிஃப்ட்டுக்குள் போய் வந்தார்கள்.
ஒரு சிறுமி மட்டும் எங்கள் வாசலுக்கு வந்து
"ஸோ க்யூட்" என்று கைகுலுக்கினாள்.
கை அவளோடு போய்விட்டது.

பெங்களூர் மழைக்கு நேராகப் பெய்யத் தெரியாது.
அன்றிரவு சாய்ந்தடித்துத்
தாழ்வாரத்துக்குள் வந்தது.
பசை விட்டு, விடியும்போது என் பேய்
மண்டியிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தது.
பெருக்க வந்த ரத்னம்மா
துடைப்பத்தால் மெல்லத் தொட்டுக் கேட்டாள்:
"கசமா மேடம், இருக்கட்டுமா?"
கசம்தான் என்றேன்.
சொன்னபிறகு கொஞ்சம் வலித்தது.
எலும்புக்கூடு அவளைப் பார்த்துச் சிரித்தது.
"உனக்கென்னப்பா" என்றாள் அதனிடம்.

தீபாவளிச் சரவிளக்குகள் தொங்கிய பின்னும்
அவள் அதைக் கழற்றவில்லை.
அசோசியேஷன் குழுவில்
இரண்டு பேர் எழுதிவிட்டார்கள்.
நான் எழுதவில்லை.

இரவு இரண்டு நாற்பதுக்கு
அது ஒருமுறை சிரிக்கும்.
பிறகு சாவிக்கொத்து.
பிறகு ஒரு செருப்பு.
சற்றுப் பொறுத்து இன்னொன்று.
அமெரிக்காவின் பகலில் வேலை பார்ப்பவள்
வந்து சேர்ந்துவிட்டாள்.
அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம்.
இத்தனைக்கும் நாங்கள் பேசியதெல்லாம்
லிஃப்ட்டில்,
"ஏழா?"
"ஏழு."

போன செவ்வாய் அது சிரிக்கவில்லை, இருமியது.
புதன் இருமலும் இல்லை.
செருப்புச் சத்தம் கேட்டேனா,
நடுவில் கண்ணயர்ந்தேனா?
மூன்று.
மூன்றே கால்.
மழை.

எழுந்து போனேன்.
வெள்ளை நைட்டி, அவிழ்ந்த தலை, வெறுங்கால்,
இரண்டு கையும் வேண்டுமென்று
டார்ச் எரியும் ஃபோனைப் பல்லில் கடித்திருந்தேன்.
அவள் வாசலில் இரண்டு செருப்பும் ஈரமாக இருந்தன.
அப்போதே திரும்பியிருக்கலாம்.
எலும்புக்கூட்டை அணைத்துத் திருப்பி
முதுகெலும்புக்குக் கீழே மூடியைத் திறந்து
செத்த பேட்டரிகளை எடுத்து
வேறு இரண்டைப் போட்டேன்.
என் மூக்குக்கு நேராகச் சிரித்தது.
எட்டு நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்ச் சிரிப்பு,
முழுசாக.
கதவின் கீழ் வெளிச்சம் வந்தது.
தாழ்ப்பாள் அசைந்தது.
ஓடி வந்துவிட்டேன்.

காலையில் குழுவில் சுதேஷ்ணா:
"ஏழாவது மாடியில் யாரோ இருக்கிறார்கள்.
வெள்ளை உடை.
வாயிலிருந்து வெளிச்சம் வந்தது.
கால் இருந்ததா, கவனிக்கவில்லை."
அதன் கீழே ஐம்பத்து மூன்று பதில்கள்.
ஒருவர் செக்யூரிட்டியை மாற்றச் சொன்னார்,
ஒருவர் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார்.
மகிழன் ஒவ்வொன்றாய் உரக்கப் படித்து
என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்,
நான்கு வயதில் விட்ட பழக்கம்.

சோபாவில் அவன் அப்பா
டிவி ரிமோட்டைத் தொடையில் தட்டித் தட்டிப்
பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.